சாவை நீக்கிய தேடல்

என் மனைவியின் உடம்பே அவளுடைய சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி முடிவு வர நாளாகும் என்றார்கள். அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்து எல்லையைக் கடக்கும் கடற்பாலத்து நெரிசலில் நிற்கும்போதெல்லாம் கைப்பேசியில் மருத்துவக் கட்டுரைகளைத் தேடினேன்.

அவர்கள் சந்தேகித்த நோயின் பெயரை மட்டும் தட்டினால் கட்டுரைகள் வந்து கொட்டின. தளத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துப் பழகிக்கொண்டேன். இரண்டு சொல்லும் வேண்டுமானால் நடுவில் ‘அண்ட்’. ஏதாவது ஒன்று போதுமானால் ‘ஆர்’. ஒரு சொல் வரவே கூடாதென்றால் அதற்கு முன் ‘நாட்’. நோயின் பெயரோடு ‘அண்ட்’ போட்டு, மாத்திரை ‘ஆர்’ ஊசி என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். பட்டியல் சுருங்கியது. ஆனால் எதைத் திறந்தாலும் ‘டெத்’ என்ற சொல் கண்ணில் குத்தியது. ஒருநாள் பொறுக்காமல் கடைசியில் ‘நாட் டெத்’ என்று சேர்த்துவிட்டேன். மிஞ்சியவற்றைப் படிக்க முடிந்தது.

சனிக்கிழமை மதியம், தம்போயில் எங்கள் வீட்டில், வீங்கிய கால்களை நாற்காலிமேல் நீட்டியிருந்த மனைவிக்கு அவற்றில் ஒன்றை வாசித்துக் காட்டினேன். கைப்பேசியை வாங்கித் தேடல் பெட்டியைப் பார்த்தாள்.

“என்னங்க இது, டெத்துக்கு முன்னால நாட் போட்டிருக்கீங்க?”

“அதெல்லாம் நமக்கு வேணாம் லா. நல்லத மட்டும் படிப்போம்.”

பட்டியலை விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். “யாரும் சாகலன்னு ஒருத்தர் எழுதியிருந்தா? அதுலயும் இந்த சொல்லு இருக்கும்ல? அதுவும் சேர்ந்துதானே போயிருக்கும்?”

 அவளே ‘நாட் டெத்’ என்பதை அழித்துவிட்டு மறுபடி தேடினாள். பட்டியல் நீண்டது. தலையோடு தலை வைத்துப் படித்தோம். மோசமானவையும் இருந்தன. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் எழுந்து எழுந்து போனேன். அவள் அசையவில்லை. சீக்கிரமே சிகிச்சை தொடங்கியவர்களில் யாரும் இறக்கவில்லை என்றது ஒரு கட்டுரை. அதுவரை என் தேடல் மறைத்து வைத்திருந்த கட்டுரை அது.

“இத எடுத்து வைங்க. கெட்டதையும் வைங்க. ரெண்டையும் டாக்டர்கிட்ட கேட்போம்.”

பயாப்சி முடிவு வந்த அன்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம் என்றார் மருத்துவர். அவர் தந்த மாத்திரையால் அவள் முகம் ஊதியது, பிறகு வடிந்தது. சிறுநீரகம் தாக்குப்பிடித்துவிட்டது.

நாளை மறுபடி இரத்தப் பரிசோதனை. அவள் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.