பீரோவில் பூட்டிய போன்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. மகள் அப்போது பிளஸ் டூ. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அதற்கு முந்தைய வருடமே எங்கள் தலையில் ஒரு இடி விழுந்திருந்தது. வாழப் பிடிக்கவில்லை என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகள் எழுதியிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். மனநல மருத்துவரிடம் ஓடினோம். மருந்து கொடுத்தார், வாரா வாரம் பேசினார். மகளுடைய போனில் ஒரு ஆப்பையும் போட்டுக் கொடுத்தார். மனசு சரியில்லாமல் போனால் என்ன அறிகுறி தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று மகளே அதில் எழுதி வைத்தாள். தினமும் சாயங்காலம் அது மணியடித்து, இன்று எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்கும். "எந்தக் காரணத்துக்கும் போனை மட்டும் பிடுங்கிடாதீங்க சார்" என்று டாக்டரம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார். தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. பிள்ளைகளைக் கெடுப்பதே போன், அதுவா காப்பாற்றப் போகிறது?

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேபிள் கட், கல்யாணம் காட்சி கட். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், "இன்னா சார், பரீட்சை டைம்ல இன்னும் கொயந்த கையில போன் கீதா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே மகளிடமிருந்து போனை வாங்கி, லாக்கை எடுக்கச் சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். தடுத்த மனைவியிடம் கத்தினேன். "அதுல டாக்டர் போட்டுக் குடுத்தது இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள் மகள். பரீட்சை முடியட்டும் என்றேன். சாயங்காலம் பீரோவுக்குள் அது மணியடித்தது. மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பீரோவையே பார்த்தாள். படிப்புக்கு இடைஞ்சல் என்று போனை அணைத்தே வைத்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளும் எனக்கு ஒரே பெருமை. மகளுக்கு யாரோடும் பேச்சில்லை. கதவைச் சாத்திக்கொண்டு புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரவில்லை. என்ன மும்முரம் பாருங்கள் என்று கம்பெனி முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை, பரீட்சை எழுதும் பேனாவை முருகன் காலடியில் வைத்து எடுத்துவர மனைவி குன்றத்தூர் போயிருந்தாள். மூன்று மணிக்கு டியூஷனுக்குக் கிளம்பிய மகள் ஐந்தரை ஆகியும் திரும்பவில்லை. டியூஷனில் கேட்டால், இன்று வரவே இல்லையே என்றார்கள். மனைவி போனை எடுக்கவில்லை. மகளுடைய தோழிகளில் ஒருத்தி நம்பர்கூட என்னிடம் இல்லை. பீரோவைத் திறந்து அந்த போனை எடுத்தேன்.

ஆன் செய்ததும் அந்த ஆப்தான் கண்ணில் பட்டது. முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: "யாரோடயும் பேச மாட்டேன். கதவைச் சாத்திப்பேன். தலை வாரிக்க மாட்டேன். அப்படி இருந்தா நான் சரியா இல்லைன்னு அர்த்தம்."

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பிரஸ் மெஷினில் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு எவனாவது ஓட்டினால், அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிடுவேன். என் வீட்டுத் தடுப்பை நானே கழற்றிப் பீரோவில் பூட்டியிருக்கிறேன். என்னை யார் அனுப்புவது?

கூப்பிட வேண்டியவர்கள் என்று மூன்று பேர் இருந்தார்கள். அம்மா. டாக்டர். தெருமுனையில் பிளவுஸ் தைக்கும் அக்கா. என் பெயர் இல்லை. அதற்கு அழக்கூட அப்போது நேரமில்லை. டெய்லர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இங்கதாண்ணா கீது. ரெண்டு மணி நேரமா அயுதுகினு கீது. கையில போன் இல்லல்ல, அதான் நேரா இங்க வந்துடுச்சு. அவங்க அம்மாவுக்குப் போன் போட்டா எடுக்கல. தனியா வுடாம பக்கத்துலயே குந்திகினு கீறேன். வாண்ணா, ஆனா கத்தாத, சொல்லிட்டேன்."

ஓடினேன். தைத்த துணிகளுக்கு நடுவே மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கடை வாசற்படியிலேயே உட்கார்ந்து, "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று மகளிடம் போனை நீட்டினேன். வெகுநேரம் கழித்துத்தான் வாங்கிக்கொண்டாள். "செத்துடலாம் போல இருந்துச்சுப்பா. நீ திட்டுவேன்னுதான் சொல்லல" என்றாள்.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனோம். அந்தப் பரீட்சையை அவள் சரியாக எழுதவில்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. தினமும் ஒருமுறை பேசுவேன். பல நாள் "பரவால்லப்பா" என்பதோடு சரி. அவள் போனை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை, அந்தப் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டாளா என்று கேட்டதும் இல்லை. அன்றைக்கு என் மகள் பிழைத்தது என்னால் இல்லை, என்னையும் மீறித்தான் என்பதைத் தெரிந்துகொண்டே அவளுக்கு அப்பாவாக இருந்துகொண்டிருக்கிறேன்.