துரை பங்களாவில் நான் சிரித்த சில நாட்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா இப்போது ஹோட்டல். அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கும் விருந்தினர்களுக்கு அங்கே பொழுதுபோக்கு, கொழுந்து பறிப்பது. காலமெல்லாம் கொழுந்து பறித்தே இடுப்பு விட்டுப்போன எனக்கு, முதலில் கேட்டபோது காதும் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தது.

பூட்டன் காலத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மனம் வந்தால் வெள்ளைக்காரத் துரை ஆட்டக்காரர்களைப் பங்களாப் புல்வெளிக்கே வரவழைத்து, சாய்ந்துகொண்டு பார்ப்பாராம். பிறகு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டினார்கள். பிறகு நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா டீவி வந்தது. நாடகத்தில் யாரோ ஒரு மருமகள் அழுவதைப் பார்க்க மலையிலிருந்து ஓட்டமாக வருவோம்.

நான் வேலையை விட்டு நின்றதும் ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பதுளைப் பையன். இப்போது பறிக்கும் பெண்கள் பழைய டீசேர்ட்டும் தொப்பியும் போட்டு, முதுகில் சாக்கைத் தொங்கவிடுகிறார்கள். அது விருந்தினர்கள் எடுக்கும் படத்துக்கு எடுபடவில்லையாம். அவர்களோடு நின்று பறித்துக் காட்ட எனக்குச் சிவப்புச் சேலையும் புதுக் கூடையும் தந்தார்.

"அக்கா, சிரிச்சிக்கிட்டே பறிங்க," என்றார். மலையில் சிரித்ததற்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவள் நான்.

முதலில் வந்தது கொழும்புத் தம்பதி. மனைவி முற்றிய இலைகளைப் பிய்த்துக் கூடையில் போட்டபடி, இந்த வேலையில் மனதுக்கு எவ்வளவு நிம்மதி என்றார். சொன்னபடியே சிரித்தேன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கணவரின் காலில் அட்டை ஏறியது. அவர் போனைத் தேயிலைக்குள் எறிந்துவிட்டு ஆடிய ஆட்டத்தை, மேல் ரோட்டில் வேலை முடிந்து போன பெண்கள் நின்று பார்த்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் அந்தப் பெண்கள் பிள்ளைகளோடும் அவித்த கடலையோடும் வந்துவிட்டார்கள். ஒரு நாடகம் விடாத என் பக்கத்துக் காம்பராக்காரியும் ரோட்டோர மேட்டில் இடம் பிடித்திருந்தாள்.

"டீவியில நடுவுல விளம்பரம் போடுவான். இங்க அந்தத் தொல்லையும் இல்ல," என்றாள்.

விருந்தினர்கள் முறையிட்டார்கள். மேனேஜர் மறைப்புக்குப் பச்சை வலை கட்டினார். கூட்டம் இன்னும் மேலே ஏறிக்கொண்டது. கடைசியில் என்னிடம் வந்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க அக்கா."

ஏறிப்போய்ச் சொன்னேன். மறைக்காமல் உட்காரச் சொன்னார்கள். கீழே ஒருவர் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டத் தெரியாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன்.

அன்றோடு என் வேலை போயிற்று. பெரிய வருத்தமில்லை. மேட்டிலிருந்து எல்லாம் நன்றாகவே தெரிந்தது.