கிழிந்த தகடும் என் வாயும்

என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கடலுக்கடியில் குண்டு வெடித்தால் கப்பலின் உடல் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிற பொம்மசந்திராவில் இருக்கிற கம்பெனி ஒன்றில் நான் இன்ஜினியர். அன்று தண்ணீர்த் தொட்டிக்குள் சின்ன வெடி வைத்து வீடியோ எடுத்தோம். தாங்கும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்த இரும்புத் தகடு கிழிந்துவிட்டது.

"நீ வெல்டிங் பண்ண லட்சணம் இதுதானா?" என்று வெல்டர் சேகரிடம் பத்துப் பேர் முன்னால் கத்தினேன். அவர் என்னைவிட மூத்தவர்.

"வீடியோவை மெதுவா ஓட்டுங்க சார்" என்றார்.

ஓட்டினோம். முதல் அடியைத் தகடு தாங்கிவிட்டது. வெடித்த வாயு பெரிய குமிழாக ஊதி, சுருங்கி, மறுபடி அறைந்தபோதுதான் கிழிந்தது. அதுவும் தகட்டின் நட்டநடுவில். ஓரத்து வெல்டிங் அப்படியே இருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதல் அடியோடு கணக்கை நிறுத்தியவன் நான்தான்.

சாயங்காலம் கேன்டீனுக்குப் பின்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"திட்டும்போது எல்லாரும் இருந்தாங்களே சார்" என்றார்.

மறுநாள் காலை அந்தப் பத்துப் பேரும் தொட்டிப் பக்கத்தில்தான் நின்றார்கள். அன்றும் மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்கவில்லை.