தம்பியின் பேருந்து ஐந்து நிமிடம் நின்றது

எனக்குக் குடல் அழற்சி நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. பெருங்குடலின் உட்புறம் வீங்கிப் புண்ணாகி ரத்தம் போகும். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு சென்னை மருத்துவர், "கூடப் பிறந்தவங்களுக்கு வயித்துல தொந்தரவு உண்டா?" என்று கேட்டார். திண்டிவனத்தில் தனியார் பேருந்து ஓட்டும் தம்பி சேகர், ஒரு வருடமாகக் காலையில் சாப்பிடாமலே வேலைக்குப் போவதாக அவன் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை 5.40க்குத் தாம்பரத்தில் ஏறினேன். டிக்கெட் 95 ரூபாய். (எங்களைப் போன்றவர்கள் ஜன்னலோரம் ஆசைப்படக் கூடாது. சட்டென எழுந்து இறங்க வசதியான இடம் பாருங்கள்.) 7.45க்குத் திண்டிவனம். சேகர் வண்டிக்குப் பக்கத்தில் வெறும் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துகினு நிக்கிற?"

"ரத்தம் போவுதாடா?"

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். "சூடுக்கா. மோர் குடிச்சிக்கினு இருக்கேன். ஓட்டும்போது வந்துடுமோன்னுதான் காலையில எதுவும் துன்றதில்ல."

"எனக்கும் அதேதான். ஏழு வருஷமா."

"உனக்கு அல்சர்னு இல்ல சொன்ன?"

அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். கழிப்பறை சம்பந்தப்பட்ட வியாதியைத் தம்பியிடம் சொல்ல வெட்கம். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் ஒரு வருடம் மோரை நம்பியிருக்க மாட்டான். "விழுப்புரத்துல பதினோரு மணிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், வா" என்றேன். இந்த ஒரு நடை ஓட்டிவிட்டு மாற்று ஓட்டுநரிடம் கொடுப்பதாகச் சொன்னான்.

8.20க்கு வண்டி எடுத்தான். விழுப்புரம் 38 கிலோமீட்டர், டிக்கெட் 35 ரூபாய். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது அவன் பிடரியில் வியர்வை வழிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பினான்.

"எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. எனக்குக் குடல்ல வியாதி. அடக்கிக்கினு ஓட்டினா உங்களுக்குத்தான் ஆபத்து."

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, "ஜல்தி வாப்பா" என்றார். மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு இருந்த அம்மா அவரை முறைத்தார். "நீ நிதானமா போய்ட்டு வா தம்பி. நீ வந்தாதான வண்டி போவும்?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் ஒருத்தனிடம் ஏழு வருடம் சொல்லாததை அவன் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். 'அது என் தம்பி' என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை!

விழுப்புரம் மருத்துவர் எங்கள் இருவரின் கதையையும் கேட்டார். சேகர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம் பொண்ணுக்கும் வருமா டாக்டர்?"

"வந்தே தீரும்னு இல்லைங்க. இதுக்கு ஒரே ஒரு மரபணு காரணம் கிடையாது. நிறைய சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்து வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். மத்த காரணமும் சேரணும். நோய் உள்ளவங்க பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல வர்றதே இல்ல. அறிகுறி தெரிஞ்சா மட்டும் சீக்கிரம் காட்டுங்க."

சேகர் நீண்ட மூச்சு விட்டான். திங்கட்கிழமை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எனக்கு இருக்கும் அதே நோய்தான். மருந்து தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. இப்போது இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி எடுக்கிறான்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: கிளம்பும் முன் திண்டிவனம் பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், சில்லறை வேண்டும். மாற்றுடை, தண்ணீர், மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். தாங்க முடியவில்லையென்றால் ஓட்டுநரிடம் தயங்காமல் கேளுங்கள். ரத்தம் போனால் சூடு என்று தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு இந்த நோய் இருந்தால், அதன் சரியான பெயரைக் கூடப் பிறந்தவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு அல்சர் என்றே நம்பியிருந்த எங்கள் அண்ணனுக்கும் அந்தச் சனிக்கிழமை மாலை விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்தே போன் செய்து சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் இல்லையாம்.