அம்மாவின் உலைக்கு அப்பா போட்ட கூரை

எங்கள் அம்மாவுக்கு இரும்பு அடிக்கும் ஆசை வந்தபோது நான் தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கக் களிமண்ணும் வண்ணக் காகிதமுமாக இருந்தவர், தோழி ஒருத்தி இழுத்ததால் ஒரு சனிக்கிழமை கொல்லுப்பட்டறைப் பயிற்சி வகுப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் கரி, கையில் கோணல்மாணலாக ஒரு கொக்கி. அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தார். நானும் அப்பாவும் தங்கத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

கொக்கியோடு நின்றிருந்தால் வம்பில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கோயிலில் பாஸ்கா திரியை நிறுத்தும் மரத்தாங்கியின் கால் உடைந்துபோனது. ஈஸ்டருக்கு ஏற்றும் அந்தப் பெரிய மெழுகுத்திரி என் கையைவிடப் பருமன். சாதாரணத் தாங்கி அதைத் தாங்காது. பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த இடத்தில், "நான் இரும்புல செஞ்சு தர்றேன் ஃபாதர்" என்று அம்மா சொல்லிவிட்டார். பாடகர் குழு முழுக்க அதைக் கேட்டது. அப்பாவின் தங்கையான என் அத்தையும் கேட்டார், அதுதான் வினை.

"அண்ணி, ஆன்லைன்ல ஆர்டர் போட்டா மூணு நாள்ல வீட்டு வாசலுக்கே வந்துரும்லா. எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

அம்மா சிரித்தார். பாகற்காய் சாப்பிடமாட்டேன் என்று நான் அடம்பிடிக்கும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. அத்தைக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

வாரம் தவறாமல் வகுப்புக்குப் போய் மூன்று கால்களை அடித்தார். நடுத்தண்டைப் பழுக்கக் காய்ச்சி, கயிறு முறுக்கியதுபோல் முறுக்கினார். தண்டின் மேல்முனையைப் பிளந்து, திரியைப் பிடித்துக்கொள்ளும் இதழ்களாக விரிப்பது மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் வகுப்பு நடத்தியவர் கடையைக் கட்டிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கருவாடு வறுத்தாலே பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்துவார்கள். அங்கே உலை மூட்டுவது எப்படி?

இங்கேதான் அப்பா களத்தில் குதித்தார். ஏர்கான் பொருத்துவது அவர் தொழில். சுவா சூ காங் இடுகாட்டைத் தாண்டி அலங்கார மீன் பண்ணை வைத்திருந்த சீன அங்கிள் ஒருவர் அவருடைய வாடிக்கையாளர். கிடங்குக்குப் பின்னால் சும்மா கிடந்த சிமெண்டுத் தரையை அவர் தந்தார். அனுமதி வாங்கும் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். ஒரு மரம் கிடையாது, பகல் பதினோரு மணிக்கு அந்தத் தரையில் செருப்போடு நிற்கவே முடியாது. அப்பா இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தார். வெயில் அவருக்குப் பரம்பரை எதிரி.

"உன்னை இந்தச் சூட்டுல நிக்க வைக்கமாட்டேன். நான் போடுற கொட்டகையில நீ ஸ்வெட்டர் போட்டுக்கணும், பாரு."

"கொஞ்சம் இருட்டா இருந்தா நல்லதுங்க" என்றார் அம்மா.

"இருட்டுல சுத்தியல் பிடிச்சா விரல் போயிரும்லா!"

அப்பா அதற்குள் அளவுநாடாவின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு மறுநுனியோடு ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த வார இறுதிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை பரபரக்கிறது. கம்பங்கள் வந்தன, அப்பாவின் இரண்டு வேலையாட்கள் ஏணியோடு வந்தார்கள். தலைக்குமேல் பக்கத்து விமானப்படைத் தளத்துப் போர்விமானங்கள் கிழித்துக்கொண்டு போகும்போது எல்லோரும் யாருக்கும் கேட்காமல் கத்திவிட்டு, அவை போனபிறகு மறுபடி முதலிலிருந்து கத்துவார்கள். அங்கிள் எங்களுக்குப் பனிக்கட்டி போட்ட காப்பி கொண்டுவருவார். பால்வெள்ளை நிறத்தில், வெளிச்சத்தை விட்டுச் சூட்டைத் தடுக்கும் உயர்ந்த ரகக் கூரைத்தகடுகளை அப்பா உச்சியில் பொருத்தினார். நான்கு பக்கமும் திறப்பு. ஒரு மூலையில் ஆளுயர மின்விசிறி. அடுப்புக்குக் காற்று ஊத ஒரு ப்ளோவர். அது ஊதினால் என் சடை நேராக நிற்கும். எங்கள் பள்ளி மண்டபம்கூட அவ்வளவு அழகில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய வாரம், குருத்து ஞாயிறு பூசை முடிந்த கையோடு எல்லோரும் போனோம். அத்தையும் வேடிக்கை பார்க்க வந்தார். உள்ளே உண்மையிலேயே குளுகுளுவென்று இருந்தது, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். அப்பா ப்ளோவரை முடுக்கினார். கரி சீறியது. அம்மா தண்டின் முனையை நெருப்புக்குள் நுழைத்து, எடுத்துப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, மறுபடி நுழைத்தார்.

"சிவப்பு தெரியலைங்க" என்றார்.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை அவர் தண்டை வெளியே இழுத்தபோது, அடடா! முனையிலிருந்து பொறிகள் பூப்பூவாகச் சிதறின. தீபாவளிக்குக் கீழ்வீட்டுப் பிள்ளைகள் பிடிக்கும் கம்பி மத்தாப்பு இதன் கால்தூசிக்குப் பெறாது. நான் எகிறிக் குதித்துக் கைதட்டினேன். "அம்மா சூப்பர்! அம்மா சூப்பர்!" என்று கத்தினேன். அத்தையும் கைதட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தண்டை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி, கடைசிப் பொறி அடங்கும்வரை எனக்குக் காட்டினார்.

அப்பா மட்டும் கைதட்டவில்லை. அவருக்குப் பொறாமையோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த அழகான கூரையை அப்பா தன் கையாலேயே கழற்றினார். பள்ளி முடிந்து அம்மாவோடு போய்ப் பார்த்த எனக்கு அழுகை முட்டியது. பண்ணையில் கிடந்த பழைய துருப்பிடித்த ஜிங்க் தகடுகளை மேலே போட்டு, வெயில் விழும் மேற்குப் பக்கத்தையும் அவற்றாலேயே அடைத்திருந்தார். விசிறியைக் காணோம். ப்ளோவரின் வாயைப் பாதி மூடியிருந்தார். உள்ளே குகைபோல் இருட்டு, புழுக்கம் தாங்கவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடக்க, "இப்பப் பாரு" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மா தண்டை நெருப்பில் வைத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பா அந்த அவிச்சலுக்குள்ளேயே நின்றார். மத்தாப்பு வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவே இல்லை. முனை செவ்வாழைத் தோல் நிறத்துக்கு வந்து, ஆரஞ்சாகி, அம்மா அடித்த அடிக்கெல்லாம் வளைந்துகொடுத்தது. இவ்வளவு சுவாரசியமில்லாத வேலைக்காகவா அந்தக் கூரையைக் கழற்றினார் என்று எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

ஈஸ்டருக்குத் தாங்கி கோயிலில் நின்றது. பழையதைவிட ஒரு சாண் குட்டை. காலைப் பூசைக்குத் திரி ஏற்றும் முறை பூசைக்கு உதவும் பீடச்சிறுமியான என்னுடையது. எப்போதும் ப்ளாஸ்டிக் முக்காலிமேல் ஏறி ஏற்றுவோம், அன்று நின்ற இடத்திலிருந்தே எனக்கு எட்டியது.

"பிள்ளைங்க கைக்கு எட்டணும்னு யோசிச்சுச் செஞ்சிருக்கீங்க!" என்று ஃபாதர் பூரித்துப்போனார்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆமா ஃபாதர், அதான் எங்க ஐடியா" என்று அப்பா முந்திக்கொண்டார். அத்தைகூட, "அண்ணிக்கு என்ன மூளை பாத்தீங்களா!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் உயரத்தை அளந்து அம்மா செய்தது என்று அடுத்த ஆண்டுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரும்பு மத்தாப்பாகச் சிதறினால் அது எரிந்து வீணாகிறது என்று பொருள்; எரிந்த அளவுக்கு வெட்டி எறிய வேண்டியதுதான். நிறம் பார்த்துத்தான் சூட்டை அறிய வேண்டும், அதற்குத்தான் நிழல் வேண்டும். பல ஆண்டுகள் கழித்து, அதே ஜிங்க் கொட்டகையில் என் கையிலிருந்த கம்பியே அப்படி எரிந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. பதறிப்போய் அந்த நொடியே அதைத் தண்ணீரில் முக்கினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அம்மா அன்று முக்கவில்லை. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.