ஒரே நேரத்துக்கு இரண்டு பேர்

என் அக்கா கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். சாதுவென்றால் அப்படி ஒரு சாது. லிஃப்ட் வந்தால் எல்லோரையும் ஏற்றிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பாள். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் எழுதிய புரோகிராம் ஒரு பல் மருத்துவமனையில் ஓடுகிறது. வீட்டிலிருந்தே போனில் நேரம் பதிவு செய்துகொள்ளலாம். திடீரென்று ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் கன்னம் வீங்கி வந்து நிற்க ஆரம்பித்தார்கள். தினமும் இல்லை, எப்போதாவது. வரவேற்பில் உட்காரும் பெண்மணிதான் வேண்டியவர்களை நடுவில் செருகுகிறார் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். இந்த வாரத்தோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லடி. நான் எழுதின கோட்லதான் எங்கேயோ ஓட்டை இருக்கு."

அவளுடைய மேனேஜரோ, "நிரூபிச்சுக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்று கழன்றுகொண்டார்.

அக்கா இரண்டு போனை எதிரே வைத்துக்கொண்டு சோதித்தாள். ஒன்றில் அழுத்துவாள். பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். பிறகுதான் மற்றதில் அழுத்துவாள். ஒரு தப்பும் வரவில்லை. எப்படி வரும்?

"உன்னை மாதிரி நல்லவங்க மட்டும் பதிவு பண்ணா தப்பே வராதுக்கா. கொடு இங்கே" என்று ஒரு போனைப் பிடுங்கினேன். இன்னொன்றை என் கணவர் பிடுங்கினார். நாங்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த சரித்திரமே கிடையாது. டிவி ரிமோட்டுக்கு நாங்கள் போடும் சண்டை மேல்மாடிவரை கேட்கும். பந்தயமும் அதற்கேதான். பத்தரை மணி யாருக்குக் கிடைக்கிறதோ, ரிமோட் அவருக்கு.

விடாமல் முட்டி மோதி அழுத்தினோம்.

"எனக்குத்தான்!" என்று கத்தினேன்.

"கண்ணைத் தொறந்து பாரு, எனக்கு!" என்றார் அவர்.

இரண்டு திரையிலும் பச்சை டிக்.

அக்கா துள்ளிக் குதித்தாள். போனிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வருக்குள் த்ரெட் என்று ஒரு குட்டி எடுபிடி கவனிக்குமாம். இரண்டு த்ரெட் ஒரே கணத்தில் எட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் பத்தரை காலியாகத்தான் தெரியும். இரண்டும் போய் எழுதிவிடும்.

"அதாவது, தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம்" என்றார் கணவர். கல்யாணமானதிலிருந்து அவர் உருப்படியாகப் பேசியது அதுதான்.

அக்கா தாழ்ப்பாள் போட்டாள். ஒரு த்ரெட் உள்ளே போனால் அது வெளியே வரும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். மறுபடி எத்தனை தடவை அழுத்தியும் ஒருவருக்குத்தான் கிடைத்தது. பெரும்பாலும் எனக்கு.

மறுநாள் மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். "தப்பு என்னுதுதான் சார், இவங்க மேல இல்லை" என்று அக்கா டாக்டரிடம் சொன்னாள். அவர் அசடு வழிந்தபடி, "நீங்க வேலையில இருங்கம்மா" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா அந்தப் பெண்மணியிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

அவர் நன்றியும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார்.

"முன்னாடி ரெட்டையா குடுத்த நேரமெல்லாம் அப்படியேதானே இருக்கு? இப்போ ரெண்டு பேர் வருவாங்க. நீயே பதில் சொல்லும்மா. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

வந்தார்கள், ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. வாங்கினாளே என் அக்கா, அப்படி ஒரு திட்டு! எனக்கே கண் கலங்கிவிட்டது.

"நீ இங்க வேலை பார்க்கிற ஆள் இல்லைன்னு சொல்லேன்க்கா" என்று காதைக் கடித்தேன்.

"சும்மா இருடி. இத்தனை நாளா இதை அவங்கதானே எனக்குப் பதிலா வாங்கினாங்க" என்றாள் அக்கா.