வளையத்தடியில் நிற்பவனுக்கு என்ன விலை?

கூடைப்பந்து டீமுக்கு உயரமான ஆள் பிடிப்பதும் பழைய லாரி வாங்குவதும் ஒரே வேலைதான். பெயிண்டைப் பார்த்து வாங்கியவன் ஏற்றத்தில் அழுவான். நான் இரண்டிலும் அழுதவன்.

கிளீனராக லாரி ஏறி, பழைய லாரி வாங்கி விற்கிற அளவுக்கு வந்தவன் நான். என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்கிற நினைப்பில்தான் நாமக்கல்லில் எங்கள் கிளப் டீமுக்கு மேனேஜரானேன். அந்த வருஷம் மாவட்ட லீக்கில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். இன்னும் ஒரு படி இறங்கினால் இரண்டாம் பிரிவு. வளையத்துக்கு அடியில் நிற்கிற உயரமான ஆளை நாங்கள் ‘போஸ்ட்’ என்போம். அந்த ஒரு ஆள் சரியாக அமைந்தால் தப்பிப்போம். டீம் நடத்தித் தூக்கம் கெட்டவர்களே, மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் கேளுங்கள்.

டேப்

பள்ளிபாளையத்தில் கோகுல் என்று ஒருத்தன், ஆறரை அடி என்றார்கள். போகும்போதே லாரி பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து ஒரு டேப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சுவரோரம் நிறுத்தினேன். ஷூவைக் கழற்றச் சொன்னேன். தலைமுடி புஸ்ஸென்று நின்றது, உள்ளங்கையால் அமுக்கினேன். மூன்று அங்குலம் காணாமல் போனது.

எனக்குப் பரம சந்தோஷம். குறை கிடைத்தால்தானே விலை இறங்கும்! “மூணு அங்குலம் பொய் சொல்லிருக்கற தம்பி, அதுக்குத் தக்கன பணத்தக் கொறச்சுக்கோ” என்றேன். அவன் நிதானமாக லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்:

“ஏனுங்கண்ணா, மேட்ச்சுல நான் ஷூ போட்டுட்டுத்தானுங்க நிப்பேன்?”

நாலு நிமிஷ மைலேஜ்

எங்களிடம் ஏற்கெனவே ஒரு போஸ்ட் இருந்தான். முத்துசாமி, குமாரபாளையத்தில் பவர்லூம் ஓட்டுகிறவன். கோகுலைவிடக் குட்டை. மேட்சுக்கு நாலு பாயிண்ட் போட்டாலே அதிகம். பேச்சும் அதே அளவுதான்.

ஒரு மேட்ச்சில் தோல்வி உறுதியான பிறகு, கடைசி நாலு நிமிஷம், பேரம் முடித்துச் சேர்த்த கோகுலை இறக்கினோம். எட்டு பாயிண்ட் போட்டான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தே பழகிய மூளை இது. நாலு நிமிஷத்துக்கு எட்டு என்றால், நாற்பது நிமிஷம் முழுக்க நின்றால் எண்பது! ஸ்கோர் எழுதும் சுமதி டீச்சரிடம் ஓடினேன். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, லாரி டிரைவர் மகள். எதிரணி நல்ல ஆட்களையெல்லாம் அதற்கு முன்பே உட்கார வைத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. டீச்சர் தலை நிமிராமல் சொன்னார்:

“எறக்கத்துல நியூட்ரல்ல வார வண்டிக்கு மைலேஜ் பாப்பீங்களாண்ணா?”

ஒரு ரீபவுண்டுக்கு ரெண்டு முட்டை

பாயிண்டை நம்பாதே என்றார்கள், சரி. வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதுதான் போஸ்ட்டின் வேலை. அதற்குப் பெயர் ரீபவுண்ட். பிடிக்கிற ஒவ்வொன்றுக்கும் ரெண்டு முட்டை என்று அறிவித்தேன். எங்கள் ஊரில் முட்டைக்கா பஞ்சம்?

அடுத்த மேட்ச்சில் கோகுல் இருபத்தி மூன்று பிடித்தான். அதில் பாதி, எங்கள் ஆட்களின் கைக்கு வந்த பந்தைப் பிடுங்கியது. ஒருத்தனுக்கு விரல் வீங்கிவிட்டது. ஒரு தடவை எதிரே ஆளே இல்லை. பந்தைப் பலகையில் அடித்தான், பிடித்தான், திரும்ப அடித்தான், பிடித்தான். மூன்று ரீபவுண்ட் சேர்ந்த பிறகுதான் வளையத்துக்குள் போட்டான். தோற்றோம். தொண்டை கிழியக் கத்தினேன். அவன் முட்டை அட்டையை வண்டியில் கட்டிக்கொண்டே சொன்னான்:

“தோத்தா முட்ட இல்லீன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?”

யாரும் பார்க்காத பக்கம்

அந்த ஆத்திரத்தை யார் மேலாவது இறக்க வேண்டுமே. முத்துசாமி கண்ணில் பட்டான். “மூணு ரீபவுண்டு, ரெண்டு பாயிண்டு! உனக்குப் பதிலா ஒரு டயர நிறுத்துனாக்கூட இவ்வளவு வரும். இனிமே வராத” என்றேன், எல்லார் முன்னாலும். அவன் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான். பஸ் ஏறப் போய்விட்டான்.

மறுநாள் சுமதி டீச்சர் தன் சொந்த நோட்டைக் கொண்டு வந்தார். ஒவ்வொருத்தனும் உள்ளே போனபோது ஸ்கோர் என்ன, வெளியே வந்தபோது என்ன என்று மேட்ச் வாரியாக எழுதியிருந்தார். முத்துசாமி நின்ற நேரத்தில் எல்லா மேட்ச்சிலும் நாங்கள் முன்னால். அவன் உட்கார்ந்த நேரத்தில் எல்லாவற்றிலும் பின்னால். மற்ற நாலு பேரும் அதே ஆட்கள்தான். எதிரணி நெட்டையனை முதுகாலேயே தள்ளி வெளியே நிறுத்துவானாம். பந்தை நம் ஆள் வேறு எவனாவது எடுப்பானாம். கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பு இல்லை. “இத ஏன் டீச்சர் முன்னாடியே காட்டல?” என்று எகிறினேன்.

“நீங்க பாயிண்ட்டுக் கட்டத்தத் தவிர வேற எதையும் பாக்கலீங்களே?”

தறிச் சத்தத்தில் பேரம்

கடைசி மேட்ச், கடைசி இடத்தில் இருந்த டீமோடு. தோற்றவன் இரண்டாம் பிரிவுக்கு. முந்தின நாள் குமாரபாளையம் போனேன். தறிப்பட்டறையில் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள்; என் கோபத்துக்கு அங்கே மரியாதையே இல்லை.

“வா சாமி, நாளைக்கு மேட்ச்சு!” என்று கத்தினேன். முத்துசாமி செல்போனை நீட்டினான். சுமதி டீச்சரின் நோட்டுப் பக்கம், போட்டோவாக. அவன் கேட்டது இரண்டு. கோகுலுக்குப் பேசிய பணம். எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்பது. இரண்டாவதை விட்டுவிட்டால் பணத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றேன். அவன் பாட்டுக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடப் போய்விட்டான்.

மறுநாள் கோர்ட்டில் எல்லாரையும் நிற்க வைத்து, “கணக்கத் தப்பாப் போட்டுட்டேன் முத்துசாமி, மன்னிச்சுக்கோ” என்றேன். கோகுல் இருமினான்.

மூன்று பாயிண்ட்டில் ஜெயித்தோம். முதல் பிரிவிலேயே நிலைத்தோம். பழக்கதோஷம், ஸ்கோர் ஷீட்டைப் புரட்டி, “ரெண்டே பாயிண்ட்டுத்தான் போட்டிருக்கற” என்றேன். முத்துசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“அவிய போஸ்ட்டு எத்தன போட்டான்னு பாத்தீங்களாண்ணா?”

பார்த்தேன். அவர்கள் போஸ்ட்டின் பெயருக்கு நேரே பூஜ்ஜியம். லாரியில் ஆணி வரைக்கும் விலை குறைத்து வாங்கிய நான், முழு விலை கொடுத்து வாங்கிய ஒரே சரக்கு அந்தப் பூஜ்ஜியம்தான்.